திருத்தமும் ஆய்வே: ஜிட் கம்பைலர்களும் கணக்கில் சேராத உழைப்பும்

பெங்களூருவின் கணினியியல் துறைகளில் எழுதப்படாத தரவரிசை ஒன்று உண்டு. புதிய நிரல்மொழியை வடிவமைப்பவர் ஆய்வாளர். இருக்கும் மொழியை இன்னும் சற்று விரைவாக்குபவரும் ஆய்வாளர். பிறர் எழுதிய கம்பைலரில் பிழைகளைக் கொத்துக் கொத்தாகக் கண்டுபிடிக்கும் கருவியை எழுதுபவரும் ஆய்வாளரே. ஆனால் அப்பிழைகளுள் ஒன்றை எடுத்துக்கொண்டு, மாதக்கணக்கில் அதன் வேரைத் தேடி, மொழியின் பொருள் வரையறையையே மறுபடி சிந்தித்து, அதைத் திருத்துபவர் மட்டும் 'டெவலப்பர்'. அவரது உழைப்பு ஆய்வேட்டின் பின்னிணைப்பில் ஒரு பத்தியாகச் சுருங்குகிறது. பல வேளைகளில் அந்தப் பத்தியும் நீக்கப்படுகிறது.

இவ்வரிசை உலகெங்கும் உள்ளதுதான். ஆயினும் மென்பொருள் பராமரிப்பையே பெருந்தொழிலாகக் கொண்ட நகரத்தின் கல்விக்கூடங்கள் பராமரிப்பைத் தாழ்ந்த வேலையாகக் கருதுவது தனி முரண். ஐபிஎம், ஆரக்கிள் ஆகியவற்றின் பெங்களூரு அலுவலகங்கள் ஜாவா இயங்குசூழலின் வளர்ச்சியிலும் பராமரிப்பிலும் நெடுங்காலமாகப் பங்குகொண்டு வருகின்றன. தொழிற்கூடம் ஊதியம் கொடுத்து மதிக்கும் அறிவுக்குப் பல்கலைக்கழகம் மதிப்பெண் கொடுக்க மறுக்கிறது. இம்மறுப்பு தவறானது என்பதை ஜிட் கம்பைலர்களின் இருவகைப் பிழைகளைக் கொண்டு நிறுவ முடியும். ஒன்று வகை உய்த்துணர்வில் நேரும் பிழை; மற்றொன்று இழைகள் ஒன்றோடொன்று மோதுவதால் நேரும் பிழை.

1. கம்பைலர் எதை நம்புகிறது?

நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை இயந்திர மொழிக்குப் பெயர்ப்பது ஜிட் கம்பைலர். ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், ஜூலியா ஆகியவை விரைவாக ஓடுவது இதனால்தான். இரண்டு மதிப்புகளைக் கூட்ட வேண்டும் என்று நிரல் சொல்கிறது. அவை இரண்டும் முழு எண்கள் என்று கம்பைலருக்குத் தெரிந்தால் ஒரே இயந்திரக் கட்டளை போதும். தெரியாவிட்டால், ஒவ்வொரு முறையும் 'இவை எண்களா, சரங்களா, வேறு பொருள்களா' என்று சோதித்துப் பிறகே கூட்ட வேண்டும். வேகம் பன்மடங்கு குறையும். எனவே சூழலைப் பார்த்து வகையை முன்கூட்டியே முடிவு செய்வது கம்பைலரின் முதன்மையான வேலை. இதுவே வகை உய்த்துணர்வு.

தமிழில் 'படி' என்னும் சொல்லை எண்ணிப் பார்க்கலாம். 'பாடத்தைப் படி' என்பதில் அது வினை. 'மூன்றாம் படி' என்பதில் பெயர். 'ஒரு படி அரிசி' என்பதில் அளவை. 'சொன்னபடி' என்பதில் வேறொரு பணி. வாசகர் சூழலைக் கொண்டு முடிவு செய்கிறார். முடிவு தவறென்று அடுத்த சொல் காட்டினால் திரும்பிச் சென்று மறுபடி வாசிக்கிறார். இயந்திரக் கட்டளைக்குத் திரும்பிச் செல்லும் வழக்கம் இல்லை. திரும்பும் வழியை ஒருவர் முன்னரே அமைத்திருந்தால் மட்டுமே அது திரும்பும்.

அவ்வழியை அமைப்பதில் இரு மரபுகள் உள்ளன. கூகுளின் வி8 போன்றவை இதுவரை கண்ட வகைகளைக் கொண்டு ஊகித்து, ஊகம் பொய்த்தால் பிடிப்பதற்குக் காவல் சோதனை ஒன்றை வைக்கின்றன. சோதனை தோற்றால் அந்த இயந்திரக் குறியீட்டை விட்டுவிட்டு மெதுவான வழிக்குப் பின்வாங்குகின்றன. ஜூலியா போன்றவை நிரலின் கட்டமைப்பிலிருந்து வகையை நிறுவ முயல்கின்றன. நிறுவ முடியாததை ஓடும் நேரத்துத் தேடலுக்கு விட்டுவிடுகின்றன. எம்மரபாயினும், 'இங்கே சோதனை தேவையில்லை' என்று கம்பைலர் தவறாக நம்பிய இடத்தில்தான் பிழை பிறக்கிறது.

2. சேர்த்தபோது ஆய்வு, நீக்கியபோது பராமரிப்பு

ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் ஜாவாஸ்கிரிப்ட் இயந்திரத்தில் ஊகத்தையும் நிறுவலையும் கலந்த வகை உய்த்துணர்வு முறை ஒன்று இருந்தது. அதை வடிவமைத்த பிரையன் ஹேக்கெட்டும் ஷூ-யு குவோவும் எழுதிய கட்டுரை 2012இல் பிஎல்டிஐ மாநாட்டில் வெளிவந்தது. நிரல்மொழித் துறையின் உயர்ந்த மேடைகளுள் ஒன்று அது. மதிக்கத்தக்க ஆய்வு என்பதில் ஐயமில்லை.

2019 ஜூனில் அவ்வியந்திரத்தில் ஒரு பிழை வெளிப்பட்டது. சிவிஇ-2019-11707 என்பது அதன் பதிவெண். அணியின் கடைசி உறுப்பை எடுத்துத் தரும் 'பாப்' என்னும் செயல் எவ்வகை மதிப்பைத் திருப்பித் தரும் என்பதைக் கம்பைலர் தவறாக உய்த்துணர்ந்தது. அணியில் இதுவரை இடப்பட்ட வகைகளுள் ஒன்றுதான் வரும் என்பது அதன் நம்பிக்கை. ஆனால் ஜாவாஸ்கிரிப்டில் அணியின் ஓர் இடம் காலியாக இருந்தால் அதன் மூலப்பொருளிலிருந்து மதிப்பு வரலாம். அங்கே வேறு வகைப் பொருளை ஒருவர் வேண்டுமென்றே வைத்தால், இயந்திரக் குறியீடு அதைத் தவறான வகையாகக் கையாளும். நினைவகத்தின் கதவு திறக்கும். இது கற்பனை ஆபத்தாக நின்றுவிடவில்லை. காயின்பேஸ் என்னும் மின்பண நிறுவனத்தின் ஊழியர்களைக் குறிவைத்த தாக்குதலில் இது பயன்படுத்தப்பட்டது. 67.0.3 பதிப்பில் மொசில்லா இதைத் திருத்தியது. ஏழு மாதம் கழித்து, 2020 ஜனவரியில், அதே கம்பைலரில் மற்றொரு வகைக்குழப்பப் பிழை தாக்குதலுக்குப் பயன்பட்டதாக அறிவிக்கப்பட்டு 72.0.1 பதிப்பு வெளியானது.

2020 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 83 வந்தபோது அந்த உய்த்துணர்வு முறையே கைவிடப்பட்டது. வார்ப் என்னும் புதிய அமைப்பு, நிரல் முழுவதற்குமான வகைக் கணக்கை விடுத்து, ஒவ்வோர் இடத்திலும் உண்மையில் கண்டதை மட்டும் நம்பியது. பழைய முறை சிக்கலானது, நினைவகத்தை விழுங்குவது, பேணுவதற்குக் கடினமானது என்பன அதற்குக் காரணங்கள். சில செயற்கை அளவைச் சோதனைகளில் வார்ப் மெதுவாக இருந்ததையும் மொசில்லா மறைக்கவில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. அம்முறையைச் சேர்த்தபோது உயர்ந்த மேடையில் ஓர் ஆய்வுக் கட்டுரை பிறந்தது. எட்டாண்டுப் பட்டறிவுக்குப் பின் அதை நீக்கியதை உலகம் அறிந்தது ஒரு வலைப்பதிவின் வழியாக. 'இம்முறை எங்கே தோற்றது, ஏன் தோற்றது' என்பது அறிவுதானே? இன்னொரு மொழிக்கு அதே முறையை அமைக்க எண்ணும் மாணவருக்கு 2012ஆம் ஆண்டுக் கட்டுரையைவிட 2020ஆம் ஆண்டின் காரணங்கள் குறைந்த பயனுடையவையா? மேற்கோள் எண்ணிக்கையைக் கொண்டு தேடும் மாணவருக்கு முதலாவது மட்டுமே கிடைக்கும். அவர் அதே பள்ளத்தில் மீண்டும் விழுவார்.

3. எண் 265

பெங்களூருவுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு ஜூலியா. ஜெஃப் பெசன்சன், ஸ்டெஃபான் கார்பின்ஸ்கி, விரல் ஷா, ஆலன் எடெல்மன் ஆகிய நால்வர் உருவாக்கி 2012 பிப்ரவரியில் அறிவித்த மொழி. நால்வருள் விரல் ஷா பெங்களூருவில் ஆதார் திட்டத்தில் பணியாற்றியவர். நந்தன் நிலேகணியுடன் சேர்ந்து 2015இல் 'ரீபூட்டிங் இந்தியா' என்னும் நூலை எழுதியவர். மொழியை உருவாக்கியோர் தொடங்கிய நிறுவனத்துக்குப் பெங்களூருவிலும் அலுவலகம் அமைந்தது. அறிவியல் கணக்கீட்டுக்காகப் பிறந்த மொழி என்பதால், அதன் பிழை ஆய்வுக்கூடங்களின் விடைகளில் நேராகப் போய் விழும்.

மொழி அறிவிக்கப்படுவதற்கு முன்பே, 2011இல், அதன் பிழைப் பட்டியலில் 265ஆம் எண்ணில் ஒன்று பதிவானது. எளிய வடிவில் அது இது: 'பரப்பு' என்னும் சார்பு, 'பக்கம்' என்னும் சார்பை அழைக்கிறது. 'பக்கம்' எப்போதும் முழு எண்ணையே தருகிறது என்று கம்பைலர் உய்த்துணர்ந்து, அதன் அடிப்படையில் 'பரப்பு' சார்புக்கு இயந்திரக் குறியீட்டை ஆக்கி வைக்கிறது. பிறகு பயனர் 'பக்கம்' சார்பை மாற்றி எழுதுகிறார். இப்போது அது பின்னம் தருகிறது. 'பரப்பு' பழைய 'பக்கம்' இன்னும் இருப்பதாக எண்ணியே விடை தருகிறது. பிழைச் செய்தி இல்லை. நிரல் நிற்பதும் இல்லை. நேற்றைய விடை இன்றைய விடைபோல வந்து நிற்கிறது.

இப்பிழை முழுமையாகத் தீர்ந்தது 2017இல் வெளிவந்த 0.6 பதிப்பில். ஆறு ஆண்டுகள். யாரும் சோம்பியிருக்கவில்லை, கேள்வியே கடினமானது. 'பக்கம்' மாறியதும் அதைச் சார்ந்த அனைத்தையும் மறுபடி பெயர்த்தால் போதாதா? போதாது. 'பரப்பு' பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது 'பக்கம்' மாறினால் என்ன செய்வது? மீதிப் பாதி எந்தப் 'பக்கம்' சார்பை அழைக்க வேண்டும்? புதியதை அழைத்தால், முழு எண் என்று நிறுவியே ஆக்கப்பட்ட குறியீட்டுக்குள் பின்னம் நுழையும். இது மொழியின் பொருள் பற்றிய கேள்வி. அதற்கு அதுவரை விடையே எழுதப்பட்டிருக்கவில்லை.

ஜேம்சன் நாஷ் முன்னின்று செய்த திருத்தம் தந்த விடைக்கு 'உலக வயது' என்று பெயர். ஒவ்வொரு புதிய வரையறையும் ஓர் எண்ணியை ஒன்று கூட்டுகிறது. ஆக்கப்பட்ட ஒவ்வொரு குறியீடும், தான் எந்த வயதிலிருந்து எந்த வயதுவரை செல்லும் என்ற குறிப்பைத் தாங்குகிறது. ஓர் அழைப்பு தான் தொடங்கிய வயதின் உலகத்தையே இறுதிவரை காண்கிறது. இடையில் வந்த வரையறை அதன் கண்ணுக்குத் தெரியாது. புதியதே வேண்டுமென்றால் நிரலர் அதை வெளிப்படையாகக் கேட்க வேண்டும். உய்த்துணர்ந்த ஒவ்வொரு முடிவுக்கும் காலவரையறை ஒன்று எழுதப்பட்டதே இத்திருத்தத்தின் சாரம்.

இதன் கணிதவழி விளக்கம் 2020இல் ஊப்ஸ்லா மாநாட்டில் ஆறு பேர் எழுதிய கட்டுரையாக வந்தது. நாஷும் அவர்களுள் ஒருவர். ஆக, திருத்தியவருக்கும் கட்டுரையில் இடம் கிடைத்தது. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் வரிசையைக் காண்க: திருத்தம் 2017, கட்டுரை 2020. கருத்து பிறந்தது பிழைப் பட்டியலில். பிறப்புச் சான்றிதழ் வந்தது மூன்றாண்டுக்குப் பின். இடைப்பட்ட மூன்றாண்டில் ஒரு முனைவர் பட்ட மாணவர் அத்திருத்தத்தைச் செய்து முடித்திருந்தால், நமது மதிப்பீட்டுக் குழு அவரிடம் என்ன சொல்லியிருக்கும்? 'பங்களிப்பு எங்கே?' என்று கேட்டிருக்கும்.

4. இழைகள் சேரும்போது

ஒரே நிரல் பல இழைகளாகப் பிரிந்து ஒரே நேரத்தில் ஓடும்போது இக்கேள்வி இன்னும் கூர்மையாகிறது. ஓர் இழை படித்த மதிப்பை மற்றோர் இழை எப்போது மாற்றலாம், அம்மாற்றம் முதல் இழைக்கு எப்போது தெரியும் என்பவற்றை மொழி சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் கம்பைலர் தனக்கு வசதியானதை எடுத்துக்கொள்ளும்.

ஜாவா தொடக்கத்திலேயே இழைகளோடு வந்த மொழி. அதன் நினைவக விதிகள் உடைந்தவை என்பதை 1999இல் வில்லியம் பியூ ஒரு கட்டுரையில் காட்டினார். அவ்விதிகள் கம்பைலர்கள் வழக்கமாகச் செய்யும் மேம்பாடுகளைத் தடுத்தன. நிரலர்கள் உறுதியென்று நம்பியவற்றுக்கு உறுதியும் தரவில்லை. பாடநூல்களில் இடம்பெற்ற 'இரட்டைச் சோதனைப் பூட்டு' என்னும் உத்தியே அவ்விதிகளின்கீழ் பிழையானது என்று தெரியவந்தது. 2004இல் வந்த ஜாவா 5இல் விதிகள் மாற்றி எழுதப்பட்டன. ஜெரமி மேன்சன், பியூ, சரிதா அட்வே ஆகியோர் அவற்றை விளக்கிய கட்டுரை 2005இல் போப்பிள் மாநாட்டில் வெளிவந்தது. அட்வே பம்பாய் ஐஐடியின் முன்னாள் மாணவி. 1999ஆம் ஆண்டுக் கட்டுரையின் தலைப்பே ஜாவா நினைவக மாதிரியைத் 'திருத்துதல்' என்பதுதான். திருத்தம் ஆய்வாகாது என்போர் முதலில் அத்தலைப்புக்கு விடை சொல்ல வேண்டும்.

ஜூலியாவில் 2019இல் வந்த 1.3 பதிப்பு பணிகளைப் பல இழைகளில் பரப்பி ஓடவிட்டது. அப்போது ஒரு வழக்கம் பரவியது. இழைக்கு ஓர் அறை என அணி ஒன்றை அமைத்து, ஒவ்வொரு பணியும் தான் ஓடும் இழையின் எண்ணைக் கேட்டு அந்த அறையில் தன் பகுதிக் கூட்டலைச் சேர்க்கும். முடிவில் எல்லா அறைகளையும் கூட்டினால் விடை. பூட்டு தேவையில்லை, விரைவும் உண்டு. ஆனால் மூன்றாம் இழையில் ஓடும் பணி மூன்றாம் அறையைப் படித்துவிட்டு, எழுதுவதற்குள் வேறொரு பணிக்கு வழிவிடலாம். அப்பணியும் அதே அறையில் கூட்டும். முதற்பணி திரும்பி வந்து பழைய மதிப்பின்மேல் எழுதும். இடையில் சேர்ந்தது தொலையும். 2021 நவம்பரில் வந்த 1.7 பதிப்பு முதல் பணி வேறோர் இழைக்கு இடம்பெயர்ந்தும் தொடரலாம் என்றான பின் இடர் பெருகியது. 2023இல் மொழியைப் பேணுவோர் 'இவ்வழக்கத்தை விடுங்கள்' என்று பொது அறிவிப்பே வெளியிட நேர்ந்தது. அதற்குள் எத்தனை கணக்கீடுகளில் அது புகுந்திருந்தது என்பதை யாரும் எண்ண முடியாது. கூட்டலில் ஒன்றிரண்டு உறுப்பு தொலைந்தால் வரைபடம் வழக்கம்போலவே இருக்கும்.

இருவகைப் பிழைகளும் ஒரே முடிச்சில் கூடும் இடமும் ஜூலியாவில் உண்டு. இழைகளாகப் பிரியும் சுழற்சியின் உடலைக் கம்பைலர் உள்சார்பாக மாற்றுகிறது. வெளியே மதிப்பிடப்பட்ட ஒரு மாறிக்கு உள்ளேயும் மதிப்பிட்டால், அம்மாறியை ஒரு பெட்டிக்குள் வைத்து இரு பக்கமும் அப்பெட்டியையே சுட்டுமாறு செய்கிறது. பெட்டிக்குள் எவ்வகையும் இருக்கலாம் என்பதால் வகை உய்த்துணர்வு கைவிரிக்கிறது, நிரல் மெதுவாகிறது. அதே பெட்டியை எல்லா இழைகளும் பகிர்வதால் விடையும் தவறாகிறது. மாணவர் மெதுவை மட்டும் காண்கிறார். வேகக் குறைவைப் பற்றியே வினவுகிறார். பெட்டியால் வரும் இவ்வேகக் குறைவு 2016இல் பிழைப் பட்டியலில் ஏறி நெடுங்காலம் தீராமல் கிடந்தது. அதைத் திருத்துவோருக்கு மொழியின் மாறி எல்லை விதிகள், உய்த்துணர்வின் இயல்பு, இழைகளின் நினைவக ஒழுங்கு ஆகிய மூன்றும் தெரிய வேண்டும். ஒரு முனைவர் பட்டத்துக்கு இதற்கு மேல் என்ன தகுதி வேண்டும்?

5. ஏன் கணக்கில் வருவதில்லை?

முதற்காரணம் வேகத்தின் மீதான மோகம். கம்பைலர் கட்டுரையின் இதயம் வேக வரைபடம். சரியான திருத்தமோ பெரும்பாலும் நிரலைச் சற்று மெதுவாக்கும்: விட்டுப்போன சோதனை சேரும், இல்லாதிருந்த பூட்டு வரும், நீக்கப்பட்ட பொதுமை திரும்பும். தவறான விடையை விரைவாகத் தருவது என்றும் எளிது. ஆகவே, பிழையோடு கூடிய விரைவு ஏற்கப்பட்டு, அப்பிழையைத் தீர்த்த மெதுவான திருத்தம் 'முன்னேற்றம் இல்லை' என்று திருப்பி அனுப்பப்படும் நிலை இம்மதிப்பீட்டு முறையிலேயே பொதிந்துள்ளது.

இரண்டாவது, கண்டுபிடித்தலுக்கும் திருத்தலுக்கும் இடையே உள்ள ஏற்றத்தாழ்வு. 2011இல் யூட்டா பல்கலைக்கழகத்தின் சீஸ்மித் கருவி சி மொழிக் கம்பைலர்களில் 325க்கும் மேற்பட்ட புதிய பிழைகளைக் கண்டு சொன்னது. சிறந்த ஆய்வு, துறையையே மாற்றியது. அவற்றுள் திருத்தப்பட்டவற்றைத் திருத்தியவர்கள் யாவர் என்று அறிய, மாற்றப் பதிவேடுகளை ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டும். நோயைக் கண்டவரைப் பாராட்டும் துறை, மருந்து தந்தவரின் பெயரைத் தேட வைக்கிறது.

மூன்றாவது, எண்ணும் முறை. தேசிய நிறுவனத் தரவரிசையான என்ஐஆர்எஃப் ஆய்வுப் பகுதியில் வெளியீடுகளையும் மேற்கோள்களையும் காப்புரிமைகளையும் நிதித் திட்டங்களையும் எண்ணுகிறது. கம்பைலரில் ஏற்கப்பட்ட திருத்தத்துக்கு அதில் கட்டமே இல்லை. யுஜிசியின் 2016ஆம் ஆண்டு விதிமுறை ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிடுவதைக் கட்டாயமாக்கியது. 2022ஆம் ஆண்டு விதிமுறை அக்கட்டாயத்தை நீக்கியது. விதி தளர்ந்தும் மனம் தளரவில்லை. நேர்காணல் அறையில் முதற்கேள்வி இன்றும் 'எத்தனை கட்டுரை?' என்பதே.

இத்தகைய ஆய்வுக்கான ஆற்றல் இங்கே இல்லை என்றும் கூற முடியாது. சென்னை ஐஐடியில் மனஸ் தாக்கூரும் கிருஷ்ண நந்திவாடாவும் ஜாவாவின் ஜிட் பகுப்பாய்வு குறித்து எழுதிய கட்டுரை 2019இல் டோப்ளாஸ் இதழில் வெளிவந்தது. கனமான பகுப்பாய்வை முன்கூட்டியே செய்து, அறியாதவற்றை நிபந்தனைகளாகக் குறித்துவைத்து, ஓடும்போது அந்நிபந்தனைகளைத் தீர்ப்பது அதன் வழி. முடிவோடு அதன் நிபந்தனையையும் எழுதிவைக்கும் ஒழுங்கு நம் ஆய்வாளர்களுக்குத் தெரியும். அதே ஒழுங்கோடு ஒருவர் பழைய பிழையைத் திருத்தினால் அதை மதிப்பிட மட்டும் நமக்குத் தெரியவில்லை.

6. மறுப்புகள்

'திருத்தம் பொறியியல், அறிவு அன்று' என்பர். எழுத்துப்பிழை போன்ற திருத்தங்கள் உண்டு. அவற்றுக்கு யாரும் பட்டம் கேட்கவில்லை. உலக வயதும் ஜாவாவின் நினைவக விதிகளும் அவ்வகையின அல்ல. மொழி சொல்லாமல் விட்டதைச் சொல்லவைத்த திருத்தங்கள் அவை. சொல்லாததைச் சொல்லவைப்பது எத்துறையிலும் ஆய்வு என்றே பெயர் பெறும்.

'நிறுவனங்கள் பார்த்துக்கொள்ளும், மக்கள் வரிப்பணத்தில் ஏன்?' என்பர். நிறுவனம் தன் வாடிக்கையாளருக்கு வலிக்கும் பிழையைத் தீர்க்கும். வானிலையையும் நோய்ப்பரவலையும் கணக்கிடும் ஆய்வுக்கூடத்தின் விடை பத்தாவது தசம இடத்தில் மாறுவது எந்த வாடிக்கையாளருக்கும் வலிப்பதில்லை. அந்த வலி அறிவியலுக்கு உரியது. பொறுப்பும் அறிவியல் நிறுவனங்களுக்கே உரியது.

'எப்படி மதிப்பிடுவது?' என்பது நேர்மையான கேள்வி. கட்டுரையின் தரத்தை மதிப்பிடுவதும் எளிதன்று. ஆனாலும் அதற்கு முறைகளை உருவாக்கிக்கொண்டோம். மென்பொருள் மாநாடுகள் 2011 முதல் கட்டுரையோடு நிரலையும் வாங்கிச் சோதிக்கத் தொடங்கின. பின்னர் ஏசிஎம் அதற்கு முத்திரைகளையே வகுத்தது. மனம் இருந்தபோது வழி பிறந்தது.

7. தமிழ்ப் புலமை அறிந்த உண்மை

இச்சிக்கலைத் தமிழ்க் கல்வியுலகம் நூறாண்டுக்கு முன்பே தீர்த்துவிட்டது. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். அவர் புதுக் காப்பியம் இயற்றவில்லை. செல்லரித்த ஏடுகளை ஒப்புநோக்கினார். படியெடுத்தோர் கைப்பிழையையும் மூலபாடத்தையும் பிரித்தறிந்தார். பாடவேறுபாடுகளை மறைக்காமல் குறித்தார். சி.வை. தாமோதரம் பிள்ளையின் தொல்காப்பிய, கலித்தொகைப் பதிப்புகளும் அத்தகையனவே. 1932இல் சென்னைப் பல்கலைக்கழகம் உ.வே.சா.வுக்கு டாக்டர் பட்டம் அளித்துச் சிறப்பித்தபோது, 'இவர் திருத்தியவர்தானே, படைத்தவர் அல்லரே' என்று பல்கலைக்கழகம் எண்ணவில்லை. எந்தப் பாடத்தை ஏன் கொண்டார், எதை ஏன் தள்ளினார் என்று காரணம் காட்டும் பதிப்பாசிரியர் மூலத்தை ஆழ்ந்து அறிந்தவர் என்பது அவையினருக்குத் தெரிந்திருந்தது.

கம்பைலர் திருத்துபவரும் அதே பணியைச் செய்கிறார். மொழி வரையறை, நடைமுறை வழக்கம், இயந்திரத்தின் இயல்பு என்னும் மூன்று ஏடுகள் அவர்முன் கிடக்கின்றன, மூன்றும் ஒத்துப்போவதில்லை. எது மூலபாடம் என்று காரணத்தோடு முடிவு செய்வதே அவர் வேலை.

8. செய்ய வேண்டியவை

முதலாவது: ஆய்வேட்டின் ஓர் இயலாகத் திருத்தத்தை ஏற்க வேண்டும். நான்கு கூறுகள் இருந்தால் போதும்: பிழையை மீண்டும் உண்டாக்கிக் காட்டும் மிகச் சிறிய நிரல், எந்த நம்பிக்கை எப்போது பொய்த்தது என்ற விளக்கம், திருத்தத்துக்குப் பின் மொழி இனிக் கடைப்பிடிக்கும் விதி, அதற்குக் கொடுத்த வேகத்தின் விலை.

இரண்டாவது: அத்திருத்தத்தை ஏற்ற மொழிக் குழுவின் பொது விவாதத்தைத் துறைக்குள் நடக்கும் ஆய்வுரைக்கு இணையாகக் கருத வேண்டும். அயலார் பலர் மாதக்கணக்கில் வரிவரியாகக் கேள்வி கேட்டு ஏற்றது அது. மூன்று மதிப்பீட்டாளர் அறிக்கைக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

மூன்றாவது: கம்பைலர் பாடத்தில் தேர்வுக்கான செயல்திட்டம் எப்போதும் புதிய சிறுமொழியை எழுதுவதாகவே இருக்கிறது. அதனோடு, வாழும் கம்பைலர் ஒன்றில் தீராத பிழையை எடுத்து அதன் காரணத்தை எழுதுவதும் வாய்ப்பாக வேண்டும். திருத்தம் முடியாவிட்டாலும் காரணம் நிறுவப்பட்டால் மதிப்பெண் உண்டு.

நான்காவது: எண்ணியல் கணக்கீட்டைக் கொண்ட எந்த ஆய்வேடும், தான் பயன்படுத்திய மொழியின் பதிப்பு எண்ணையும் இழை எண்ணிக்கையையும் குறிக்க வேண்டும். 1.6இல் வந்த விடையும் 1.8இல் வந்த விடையும் ஒன்றாக இருக்கும் என்று யாரும் வாக்களிக்கவில்லை.

இந்நான்கும் பெரும் நிதியைக் கேட்பவை அல்ல. பாடத்திட்டக் குழுவின் ஓர் அமர்வும், முனைவர் பட்டக் குழுக்களின் மனமாற்றமும் போதும். இவை நடக்கும்வரை, பிழையின் வேரைக் கண்ட மாணவர் அதைத் திருத்தாமல் விட்டுவிட்டு அடுத்த கட்டுரைக்கான வேக வரைபடத்தை வரையப் போவார். அவரைக் குறைகூற முடியாது. அவருக்கு உதவித்தொகை ஐந்தாண்டுதான். அவர் விட்டுச் சென்ற பிழையின் மேல் அடுத்த துறையின் மாணவர் தம் கணக்கீட்டை ஓட்டுவார். தவறான விடையைச் சரியென்று நம்பிக் கட்டுரையும் எழுதுவார். அக்கட்டுரையை என்ஐஆர்எஃப் எண்ணிக்கொள்ளும்.